டேட்டா துறையில் அப்ரண்டிஸாகச் சேர: பதிவு முதல் சான்றிதழ் வரை

எங்கள் டேட்டா டீமுக்கு அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் கொடுக்கும் வேலை மிகச் சாதாரணமாகத் தெரியும். ஓர் எக்செல் ஃபைல். தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக எத்தனை ஆர்டர் வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் எண்களைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள் போட்டுவிட்டு, "முடிச்சிட்டேன் அக்கா" என்பார்கள். "மொத்தம் எத்தனை மாவட்டம் வந்திருக்கு?" என்று கேட்பேன். திரையைப் பார்த்து எண்ணிவிட்டு, "நாற்பத்தேழு" என்று சொல்லும்போதே குரல் தயங்கும். தமிழ்நாட்டில் இருப்பது 38 மாவட்டங்கள்.

பிறகு இரண்டு நாற்காலியையும் ஒரே திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு தேடுவோம். தூத்துக்குடி மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். அதில் ஒன்று டூட்டிகோரின். திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி என மூன்று தனி வரிகள். மதுரை இரண்டு முறை இருக்கும். இரண்டும் ஒரே எழுத்துதான், ஆனால் ஒன்றின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

இந்த அரைமணி நேரத்தை எந்த யூடியூப் வீடியோவும் தராது. வீடியோவில் வரும் ஃபைல் கழுவித் துடைத்து வைத்த ஃபைல். டேட்டா வேலையில் கருவிகளை வீட்டிலிருந்தே கற்கலாம்; வந்த எண்ணை நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்க்கும் பழக்கத்தை, செய்து பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். தச்சரிடமும் தையற்காரரிடமும் பிள்ளைகளைத் தொழில் பழக விட்டது இதற்காகத்தான். அதே வழி டேட்டாவை ஆராயும் அனலிடிக்ஸுக்கும் சட்டப்படி திறந்திருக்கிறது. ஆனால் பி.எஸ்சி., பி.காம். முடித்த பலருக்கு அது தெரியவே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது

நம் ஊரில் அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஐ.சி.எஃப்.புக்கோ ரயில்வே பணிமனைக்கோ போகிறவர் என்றுதான் இன்னமும் நினைக்கிறோம். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தபோது அப்படித்தான் இருந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 2014 திருத்தம் மற்றப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. இன்றைக்குப் புள்ளியியல், கணிதம், வணிகவியல், பொருளாதாரம் படித்தவர் ஒரு நிறுவனத்தின் டேட்டா டீமில் அப்ரண்டிஸாக இருப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

இரண்டு திட்டங்கள் ஓடுகின்றன. ஒன்று நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்), கல்வி அமைச்சகத்தினுடையது, பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதுதான். தென் மாநிலங்களுக்கான இதன் அலுவலகம், தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், சுருக்கமாக 'போட்' என்பார்கள், சென்னை தரமணியில் இருக்கிறது. மற்றொன்று நாப்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்), திறன் மேம்பாட்டு அமைச்சகம் 2016-இல் தொடங்கியது. ஐ.டி.ஐ., பிளஸ் டூ, குறுகியகாலத் திறன் பயிற்சி முடித்தவர்களுக்கு இதில் இடம் அதிகம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை காலம் மாறும். நாட்ஸில் வழக்கமாக ஓராண்டு.

ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வந்த விதிப்படி மாதம் குறைந்தபட்சம் பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பிளஸ் டூவுக்கு 7,000. இதை 36 சதவீதம் கூட்டி, 5,000–9,000 என்ற வரம்பை 6,800–12,300 என ஆக்கலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. நீங்கள் சேரும் நாளில் நடப்பில் இருக்கும் தொகையை அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அது தரைமட்டம்தான். அதற்கு மேல் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அதற்குக் கீழே கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. நாட்ஸில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நாப்ஸில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய்.

இந்தத் தொகையில் சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்குவது கடினம். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கோவை, திருப்பூர், ஓசூர், மதுரை, திருச்சி நிறுவனங்களை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். சென்னைக்குத்தான் வர வேண்டும் என்றால், வேலைக்குப் போகும் பெண்களுக்காக மாநில அரசு நடத்தும் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

இன்னொன்று: முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். இது சலுகை அல்ல, சட்டக் கடமை. டேட்டா அப்ரண்டிஸ் என்று விளம்பரமே செய்யாத ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கும் மருத்துவமனைக்கும் இந்தக் கடமை உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது

இன்டர்ன்ஷிப் வேறு. தனியார் இன்டர்ன்ஷிப்பில் பதிவு செய்த ஒப்பந்தமும் குறைந்தபட்சத் தொகையும் கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் வேறு; தொடங்கியபோது அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று இருந்தது. அதுவும் நல்ல வாய்ப்புதான். ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பிக்காதீர்கள்.

நாட்ஸ், நாப்ஸ் எதற்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. "இருபதாயிரம் கட்டினால் டேட்டா சயின்ஸ் கோர்ஸும் அப்ரண்டிஸ் சீட்டும்" என்று யாராவது போன் செய்தால், அத்தோடு போனை வைத்துவிடுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்பவர்களிடமும் அதையே செய்யுங்கள். அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். வேறு எதிலும் ஆதார் எண்ணைப் போடாதீர்கள்.

யார் சேரலாம், எப்போது

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். இது புதியவர்களுக்கான வழி. ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் நாட்ஸில் இடமில்லை. ஏற்கனவே ஒருமுறை அப்ரண்டிஸ் முடித்தவரும் மறுபடி வர முடியாது. படிப்பை முடித்துச் சில ஆண்டுகளுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பிலும் எந்த ஆண்டு முடித்தவர்கள் என்று போட்டிருப்பார்கள். ஆகவே "முதலில் ஏதாவது பி.பி.ஓ.வில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று நினைத்தால், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது. இந்த வாய்ப்பு ஒருமுறைதான், எங்கே செலவழிக்கிறோம் என்று யோசித்துச் செலவழியுங்கள்.

அரியர் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழ் இல்லாமல் ஒப்பந்தம் நகராது.

சேரும் முன் மூன்று மாதம்

டேட்டா சயின்ஸ் என்றதும் எல்லோரும் மெஷின் லேர்னிங்கில் போய் விழுகிறார்கள். அப்ரண்டிஸாக வருகிறவரிடம் அதை நான் கேட்பதில்லை. எக்செல் கேட்பேன், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் கேட்பேன். எக்செலில் பைவட் டேபிள், ஒரு டேபிளில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப், ஃபைலைச் சுத்தம் செய்யும் பவர் குவெரி இந்த மூன்றும் கை பழகியிருந்தால் போதும். எஸ்கியூஎல்லில் செலக்ட், வேர், குரூப் பை, இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் ஆகிய கட்டளைகள். இந்த நான்கையும் பேப்பரில் எழுதச் சொன்னாலும் எழுத வரவேண்டும். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற டேட்டா கருவி கொண்டு ஒரு ஃபைலைத் திறந்து, வெற்றுக் கட்டங்களை எண்ணி, இரண்டு டேபிளைச் சேர்க்கத் தெரிந்தால் அது கூடுதல். எண்களைப் படமாகக் காட்டும் பவர் பிஐயோ டாப்லோவோ ஏதாவது ஒன்று.

புள்ளியியலில் சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், மீடியன்) உள்ள வித்தியாசத்தை உங்கள் தெருவில் இருக்கும் ஒரு கடையின் விற்பனையை வைத்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் விற்பனை மொத்த மாதத்தின் சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலை அசையாது. இதை வார்த்தையில் விளக்கத் தெரிந்தவர் எனக்குப் போதும்.

கற்க இடங்கள்: கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் தளங்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். நேரமும் பணமும் ஒதுக்க முடிந்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஆன்லைனில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் பார்க்கலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு.

ஒரே ஒரு புராஜெக்ட், உங்கள் ஊர்த் தண்ணீரிலிருந்து

டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்ற புராஜெக்ட்டை நூறு ரெஸ்யூமில் பார்த்துவிட்டேன். அது கற்றுக்கொள்ள நல்ல ஃபைல், ஆனால் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீங்கள் பதில் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வியை எடுங்கள். நான் எப்போதும் சொல்வது சென்னை ஏரிகள்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர் இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. பழைய ஆண்டுகளின் எண்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பல ஆண்டு எண்களை எடுத்து ஒரு கோடாக வரைந்தால், 2015 டிசம்பர் உச்சியில் நிற்கும், 2019 ஜூன் தரையைத் தொடும். முன்னது வெள்ளம், பின்னது குடங்களோடு லாரிக்கு நின்ற கோடை. இரண்டையும் இந்த நகரம் நான்கு ஆண்டு இடைவெளிக்குள் பார்த்தது என்பது அந்த ஒரே கோட்டில் தெரியும்.

இனிதான் உண்மையான வேலை. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்ந்து 11,257. ஆனால் 2020-இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கனஅடியோடு சேர்ந்துகொண்டது. அதன்பின் மொத்தம் 11,757. நீங்கள் பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் சதவீதத்தில் ஒப்பிட்டால், கீழே எந்த எண்ணால் வகுத்தீர்கள்? இரண்டுக்கும் ஒரே எண்ணால் வகுத்திருந்தால் தவறு. இந்தக் கேள்வியை நீங்களே கேட்டு, நீங்களே பதில் எழுதி, ரெஸ்யூமில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் நான் அந்த ரெஸ்யூமை மேலே எடுத்து வைப்பேன்.

மாவட்டக் கணக்கிலும் இதே குழி உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை. பழைய மக்கள்தொகையையும் புதிய விற்பனையையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், திருநெல்வேலியில் தலைக்கு இவ்வளவு விற்பனை என்று வரும் எண் பொய். கீழே இருக்கும் மக்கள்தொகையில் தென்காசிக்காரர்களும் இருக்கிறார்கள், மேலே இருக்கும் விற்பனையில் இல்லை.

கோயம்பேடு காய்கறி விலை, உங்கள் பேருந்து நிறுத்தத்தில் நீங்களே ஒரு மாதம் குறித்த பேருந்து நேரம், தாத்தாவின் மளிகைக் கடை நோட்டு, எதுவும் ஆகும். கையால் குறித்த நூறு வரி இருந்தாலும் அது உங்களுடையது, பிழை எங்கே வந்தது என்று உங்களால் சொல்ல முடியும்.

தளத்தில் பதிவு

பதிவு நேரடியானது. கைபேசி எண், மின்னஞ்சல், ஆதார், மார்க் ஷீட், வங்கிக் கணக்கு, புகைப்படம். பதிவு முடிந்ததும் ஒரு சேர்க்கை எண் வரும். அதை எழுதி வையுங்கள், நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

நம் பிள்ளைகள் சிக்குவது பெயரில். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குப் புரியாது. பதிவு செய்யும் முன்பே ஆதாரையும் வங்கியையும் மார்க் ஷீட்டில் இருப்பதுபோல் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதனால் ரிசல்ட் வந்த கையோடு தொடங்குங்கள்.

அடுத்தது வங்கி. அரசின் பங்கு நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதற்குக் கணக்கோடு ஆதாரை இணைத்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வருவதற்கான ஆதார் சீடிங் செய்திருக்க வேண்டும். வங்கியில் போய் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா?" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள் (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது). இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக சீடிங் செய்த கணக்குக்குத்தான் பணம் போகும். ஸ்டைபண்ட் வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த ஒரு பையனின் பணம், பள்ளியில் படித்தபோது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் நான்கு மாதமாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

இடத்தைத் தேடுவது

தேடல் பெட்டியில் 'டேட்டா சயின்ஸ்' என்று போட்டால் குறைவாகத்தான் வரும். நிறுவனங்கள் அந்தப் பெயரில் போடுவதில்லை. எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கான ரிப்போர்ட் வேலை), பிசினஸ் அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங், ஆபரேஷன்ஸ், சப்ளை செயின், ஐ.டி. என்று தேடுங்கள். வேலை விவரத்தில் எக்செல், எஸ்கியூஎல், டாஷ்போர்டு, ரிப்போர்ட் என்ற சொற்கள் இருந்தால் அது நம் வேலை. 'டேட்டா என்ட்ரி' என்று மட்டும் இருந்தால் அது நம் வேலை அல்ல. டேட்டா என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஐ.டி. கம்பெனிகளை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வங்கியின் கடன் பிரிவில், மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில், ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் டேட்டா கொட்டிக் கிடக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. அங்கே நீங்கள் ஒருவராக இருப்பீர்கள்; பெரிய கம்பெனியில் நாற்பதில் ஒருவர். முதல் ஆண்டில் முன்னதுதான் அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

முன்பு சொன்ன சட்டக் கடமையை இங்கே பயன்படுத்துங்கள். உங்கள் ஊரில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் பத்து நிறுவனங்களைக் குறித்துக்கொண்டு ஹெச்.ஆருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல். நாட்ஸ் சேர்க்கை எண், படிப்பு, ஏரி புராஜெக்ட்டின் ஒரு படம், "உங்கள் அப்ரண்டிஸ் இடங்களில் ஒன்றை ரிப்போர்ட்டிங் வேலைக்கு ஒதுக்க முடியுமா" என்ற ஒரே கேள்வி. அவர்களுக்கும் ஆள் கணக்கு நிரப்பியாக வேண்டும், பட்டதாரிக்கு அரசு பாதி கொடுக்கிறது. பத்தில் ஒருவர் பதில் போட்டாலும் உங்களுக்குத் தேவை ஒன்றுதானே. கல்லூரிகளில் நடக்கும் அப்ரண்டிஸ் தேர்வு முகாம்களுக்கும் போங்கள்.

நேர்காணல்

பெரும்பாலும் எளிதாகவே கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் அதிகம் விற்ற மூன்று பொருளை எப்படி எடுப்பாய், இந்த ஃபைலில் என்ன தப்பு தெரிகிறது, இந்த மாதிரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லுங்கள். எங்கள் வேலையில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறவர்தான் ஆபத்தானவர்.

உங்கள் முறை வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் செய்யும் வேலையை யார் சரிபார்ப்பார்?" இதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் நல்ல இடம். "அதெல்லாம் டீம் பார்த்துக்கும்" என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். போன வருட அப்ரண்டிஸ் என்ன வேலை செய்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தம்

கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாக வேண்டும், பதிவு எண் வர வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் அல்ல. ஓராண்டு கழித்து அரசுச் சான்றிதழ் வராது. தொடங்கும் நாள், முடியும் நாள், ஸ்டைபண்ட் தொகை, பயிற்சியின் பெயர் நான்கையும் பாருங்கள்.

சட்டப்படி நீங்கள் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஆகவே பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்காது. வேலை செய்யும் இடத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. இத்தனை ரெக்கார்டு அடித்தால் இவ்வளவு என்று எண்ணிக்கைக்குக் கூலியாக ஸ்டைபண்டைக் கணக்கிட முடியாது, சட்டம் அதைத் தடுக்கிறது. முடிந்ததும் உங்களை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

முதல் மூன்று மாதம்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மூன்று வரி: எந்த டேபிளிலிருந்து எடுத்தேன், எத்தனை வரி இருந்தது, கடைசியில் எத்தனை வரி நின்றது. வரி எண்ணிக்கை ஏன் மாறியது என்று சொல்ல முடியாத ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்பக் கூடாது.

காரணம் சொல்கிறேன். என் முதல் ஆண்டில் ஒரு மாத விற்பனை ரிப்போர்ட் அனுப்பினேன். ஆர்டர் டேபிளையும் வாடிக்கையாளர் டேபிளையும் ஜாயின் செய்திருந்தேன். சில வாடிக்கையாளர்களுக்கு வீட்டு முகவரி ஒன்று, கடை முகவரி ஒன்று என இரண்டு வரிகள் இருந்தன. அவர்களுடைய ஒவ்வொரு ஆர்டரும் இரண்டாகப் பெருகியது. 1,200 ரூபாய் ஆர்டர் 2,400 ஆனது. நான் எழுதிய குவெரியில் (எஸ்கியூஎல் கட்டளையில்) எந்த எர்ரரும் வரவில்லை. எண் பார்க்க அழகாகவே இருந்தது. மேலாளர் அந்த எண்ணை வைத்து ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிக் காட்டினார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அன்றிலிருந்து எண்ணாமல் நான் எதையும் அனுப்பியதில்லை.

எக்செலில் இரண்டு விஷயம் உடனே தெரிந்துகொள்ளுங்கள். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை அது தாங்காது. 16 இலக்கக் கார்டு எண்ணை எண்ணாகப் பதித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்கூட்டியே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பது கணினியின் செட்டிங்கைப் பொறுத்தது. ஃபைல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தேதியைத் தொடாதீர்கள்.

வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கும் ஃபைலை வீட்டு லேப்டாப்புக்கு அனுப்பக் கூடாது. ஏ.ஐ. சாட்பாட்டில் ஒட்டி "இதைச் சுத்தம் செய்து கொடு" என்று கேட்கவும் கூடாது. தனிநபர் டேட்டா பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. குவெரி எழுத உதவி வேண்டுமானால் கற்பனையாக ஐந்து வரி டேபிள் செய்து அதை வைத்துக் கேளுங்கள். கிடைத்ததைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டாதீர்கள்.

வேலை கற்றுத்தரவில்லை என்றால்

எனக்கு நெருங்கிய உறவுப் பெண், பி.எஸ்சி. புள்ளியியல். ஒரு நிறுவனத்தில் 'அனலிடிக்ஸ் அப்ரண்டிஸ்' என்று எடுத்தார்கள். நான்கு மாதம் ஸ்கேன் செய்த பில்லைப் பார்த்து எண்களை டைப் செய்தாள். ஒருவரும் அருகில் வந்து உட்காரவில்லை. "சர்ட்டிஃபிகேட் போயிடும்" என்ற பயத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது; ஒரு பிள்ளையின் ஒரே வாய்ப்பு அப்படிக் கரையக் கூடாது.

பேசி முடிவெடுத்து அவள் செய்தது இது. டைப் செய்யும்போதே எந்த சப்ளையரின் பில்லில் என்ன தவறு வருகிறது என்று பக்கத்தில் ஒரு தனி நெடுவரிசையில் குறித்தாள். ஒரு மாதம் கழித்து அதைப் பைவட் போட்டு, பாதிக்கு மேல் தவறுகள் மூன்றே சப்ளையர்களிடமிருந்து வருகின்றன என்று ஒரே பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் மேலாளரிடம் கொண்டு போனாள். அடுத்த வாரம் ரிப்போர்ட் வேலைக்கு மாற்றினார்கள்.

அப்படி நடக்காவிட்டால், என்ன வேலை கொடுத்தார்கள் என்று தேதியோடு எழுதி வைத்து முதலில் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலில்லை என்றால் தளத்தில் புகார் பதியுங்கள். நாட்ஸ் என்றால் தரமணி அலுவலகத்துக்கும் எழுதலாம். ஸ்டைபண்ட் தாமதத்துக்கும் இதே வழிதான். சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் நின்றுவிடுவது மட்டும் வேண்டாம், ஒப்பந்தம் உங்கள் பெயரில் அப்படியே கிடக்கும்.

கடைசி இரண்டு மாதம்

பத்தாவது மாதத்திலேயே வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், அதே நிறுவனத்திலும் கேளுங்கள். உங்கள் வருகைப் பதிவும் பயிற்சிப் பதிவும் தளத்தில் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் சான்றிதழ் தள்ளிப்போகும். அரசு தரும் இந்தத் தேர்ச்சிச் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதியலாம்.

அதில் உங்கள் பெயரும் காலமும் இருக்கும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்காது. ஆகவே கிளம்பும் முன் உங்கள் வேலையைச் சரிபார்த்தவரிடம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அரைப் பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த ரிப்போர்ட், எவ்வளவு அடிக்கடி, எந்தக் கருவி, யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். வாடிக்கையாளர் விவரமோ நிறுவனத்தின் எண்களோ அதில் வேண்டாம். நீங்களே வரைவு எழுதிக் கொண்டு போனால் அன்றைக்கே கையெழுத்தாகிவிடும். "எழுதித் தர்றேன்மா" என்று சொன்னவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.